எம்.சி. ரோடு துணிக்கடையில் ஒரு பேனல் ஏசி: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நான்கு மாடித் துணிக்கடை ஒன்றின் மின்பராமரிப்பை நான் கவனித்து வருகிறேன். சென்ற ஆண்டு மார்ச் மாதம் அந்தக் கட்டடத்தின் மின் அறையிலிருக்கும் பெரிய பேனலின், அதாவது மின்கருவிகளை அடக்கிய இரும்புப் பெட்டியின், பக்கவாட்டில் அதன் உட்புறத்தை மட்டும் குளிர்விக்கும் பேனல் ஏசி ஒன்றைப் பொருத்தினோம். ஒரு முழுக் கத்திரி வெயில், ஓர் ஆடித் தள்ளுபடி, ஒரு தீபாவளி, ஒரு வடகிழக்குப் பருவமழை ஆகியவற்றைக் கடந்து இப்போது இரண்டாவது கத்திரியில் அது ஓடிக்கொண்டிருப்பதால், அதைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு வந்துவிட்டதாக நினைக்கிறேன். கருவியைச் செய்தது அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் இயங்கும் ஒரு சிறு நிறுவனம். அதன் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளில் பல எந்த நிறுவனத்தின் கருவியிலும் வரக்கூடியவை, சிலவற்றில் எங்கள் கையும் இருக்கிறது.

பேனல் இரண்டு மீட்டர் உயரம், ஒரு மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் கொண்டது. மாடிகளுக்குக் குளிர்காற்று அனுப்பும் இரண்டு ஏ.எச்.யு. இயந்திரங்களுக்கு 11 கிலோவாட் வி.எஃப்.டி. இரண்டும், தண்ணீர் பம்ப்புக்கு 7.5 கிலோவாட் வி.எஃப்.டி. ஒன்றும் அதற்குள் இருக்கின்றன. மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்ப ஏற்றி இறக்கும் இந்தக் கருவிகள் மின்கட்டணத்தைக் குறைப்பது உண்மைதான் என்றாலும், தம் வழியே செல்லும் மின்சாரத்தில் ஏறத்தாழ 3 விழுக்காட்டை வெப்பமாக்கி அந்த இரும்புப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிடுகின்றன. மூன்றும் முழுச் சுமையில் ஓடினால் அதுவே 900 வாட்டை நெருங்குகிறது. மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் கான்டாக்டர்கள், கட்டுப்பாட்டு டிரான்ஸ்ஃபார்மர், பவர் சப்ளை ஆகியவற்றையும் சேர்த்தால் 1000 வாட். வீட்டில் துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்றைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, நாள் முழுக்க அணைக்காமல் விட்டதைப் போன்றது இது.

பேனல் ஏசி வருவதற்கு முன், மே மாதப் பிற்பகல் ஒன்றில் மின் அறையின் வெப்பம் 41 டிகிரியாக இருந்தபோது பேனலுக்குள் 56 டிகிரியை அளந்தேன். வி.எஃப்.டி.க்குள் இருக்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர்களின் ஆயுள் வெப்பம் பத்து டிகிரி கூடும்தோறும் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்தொழிலில் எல்லோரும் கையாளும் கணக்கு. எங்கள் கடையில் இரண்டே ஆண்டுகளில் மூன்று முறை கெபாசிட்டர்கள் தலை வீங்கிப் போனதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. பிரேக்கர்களும் வெளிப்படையான காரணமின்றி விழுந்து, மின்சாரத்தைத் துண்டித்துக்கொண்டிருந்தன. எம்.சி.சி.பி. எனப்படும் இவ்வகைப் பிரேக்கர்களில் பெரும்பாலானவற்றின் ஆம்பியர் அளவு 40 டிகிரியை அடிப்படையாக வைத்துக் குறிக்கப்படுவதால், 56 டிகிரியில் அவை குறித்த அளவுக்கு முன்பே விழுவதில் வியப்பில்லை. எனக்கு முன் அங்கே வேலை பார்த்தவர் இதற்குக் கண்ட தீர்வு, 63 ஆம்பியர் பிரேக்கரைக் கழற்றிவிட்டு 80 ஆம்பியரைப் போட்டது. கேபிளைக் காப்பாற்றவே பிரேக்கர் இருக்கிறது என்பதை மறந்து செய்யும் இந்த வேலையை வடசென்னையின் பல கட்டடங்களில் பார்த்திருக்கிறேன். வெப்பத்தால் வரும் தீமைகளில் மிகவும் ஆபத்தானது இதுவே.

பேனலின் கதவில் முன்பே இரண்டு விசிறிகள் வடிகட்டியுடன் இருந்தன. விசிறியால் எவ்வளவு முடியும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. வாட்டில் உள்ள வெப்பத்தை 3.1 ஆல் பெருக்கி, பேனலின் உள்வெப்பம் வெளிவெப்பத்தைவிட எத்தனை டிகிரி கூடலாம் என்று நாம் ஒப்புக்கொள்கிறோமோ அந்த எண்ணால் வகுத்தால், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று வேண்டும் என்பது கிடைக்கும். 1000 வாட்டுக்கு 8 டிகிரி என்று வைத்தால் ஏறத்தாழ 390 கன மீட்டர். வடிகட்டி சுத்தமாக இருக்கும் நாளில் எங்கள் இரண்டு விசிறிகளும் அதற்குச் சற்றுக் குறைவாகவே தந்திருக்கும். ஆனால் துணிக்கடையில் வடிகட்டி சுத்தமாக இருக்கும் நாள் எது? கட்டுப் பிரிக்கும்போதும், சேலையை உதறி விரிக்கும்போதும், துண்டுத் துணி வெட்டும்போதும் பறக்கும் பஞ்சுத்தூசி முழுவதும் காற்றை உறிஞ்சும் இடம் தேடித்தான் வருகிறது. பத்து நாளில் வடிகட்டி கம்பளிப் போர்வை ஆகிவிடுகிறது.

தூசியைவிட எனக்கு அதிக அச்சம் தந்தது உப்பு. கடற்கரை எங்கள் கடையிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கசியத் தொடங்கும். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் வீட்டு உப்பு ஜாடியைத் திறந்து பார்ப்பவர்கள் அனைவருக்கும் இது தெரியும். விசிறி இழுக்கும் காற்றுடன் வந்து, மின்சாரம் கடத்தும் செம்புப் பட்டைகளின் மேலும் சர்க்யூட் பலகைகளின் மேலும் படியும் உப்புப் பொடி பகலில் சும்மா கிடந்துவிட்டு, இரவில் ஈரம் ஏறியதும் மின்சாரம் கசியும் பாதையாக மாறிவிடுகிறது. எங்கள் பேனலின் பட்டைகளில் பச்சைப் பூப்பு பூத்திருந்தது. இந்த நிலையில் விசிறியைப் பெரிதாக்குவது உப்பை அதிகமாக அழைத்து வருவதாகவே முடியும். கதவைத் திறந்துவைத்து எதிரே ஒரு பெடஸ்டல் ஃபேனை ஓடவிடும் வழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எலியும் பல்லியும் நுழைந்து பட்டைகளுக்கு நடுவே கருகிய கதைகள் இத்தெருவின் எலெக்ட்ரீஷியன்கள் ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று இருக்கும்.

எனவே, வெளிக்காற்று உள்ளே வராமல் வெப்பத்தை மட்டும் வெளியேற்றும் வழி தேவைப்பட்டது. காற்றுக்குக் காற்று வெப்பம் மாற்றும் எக்ஸ்சேஞ்சர் விலை குறைவு, ஓடும் செலவும் குறைவு. ஆனால் அதனால் பேனலை அறையைவிடக் குளிராக்க முடியாது. அறையே 41 டிகிரி என்றால் உள்ளே 50 டிகிரி என்று ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அழுத்தக் காற்றைச் சுழற்றிக் குளிர்விக்கும் வோர்டெக்ஸ் முறைக்குக் காற்றை அழுத்தும் தனிக் கம்ப்ரசர் வேண்டும். தொழிற்சாலையில் அது இருக்கும், துணிக்கடையில் எங்கே போவது? மிஞ்சியது பேனல் ஏசி. அதில் இரண்டு காற்றோட்டங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியே ஓடுகின்றன. பேனலுக்குள் இருக்கும் காற்று குளிர்ந்த சுருளின் மேல் சுற்றி மீண்டும் பேனலுக்கே திரும்புகிறது, அறைக் காற்று வெளிப்புறச் சுருளின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு அறைக்கே போகிறது. உப்பும் பஞ்சும் வெளிப்புறச் சுருளோடு நின்றுவிடுகின்றன.

வாங்கும்போது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். விற்பனையாளர் "அரை டன் போதும் சார்" என்றார். அறையைக் குளிர்விக்கும் ஏசிக்கு டன் கணக்கு சரி. பேனலுக்கு வாட் கணக்கே வேண்டும். அதுவும் வெளியே எத்தனை டிகிரி, உள்ளே எத்தனை டிகிரி என்னும் நிலையில் அந்த வாட் அளக்கப்பட்டது என்பது தெரிய வேண்டும். வற்புறுத்திக் கேட்ட பிறகே, உள்ளும் புறமும் 35 டிகிரியாக இருக்கும்போது 1500 வாட், புறம் 50 டிகிரிக்குப் போனால் 1200 வாட் என்ற தாளை அனுப்பினார். 1500 வாட் என்பது டன்னில் 0.43 தான். எங்கள் தேவையை நான் இப்படிக் கணக்கிட்டேன்: உள்ளே பிறக்கும் வெப்பம் 1000 வாட், பேனலை 35 டிகிரியில் வைத்து அறை 41 டிகிரியாக இருந்தால், தகட்டின் வழியாக வெளியிலிருந்து உள்ளே ஊடுருவும் வெப்பம், சதுர மீட்டருக்கு டிகிரி ஒன்றுக்கு ஐந்தரை வாட் வீதம், சுவரை ஒட்டாத ஐந்து சதுர மீட்டர்ப் பரப்புக்கு 165 வாட். இரண்டும் சேர்ந்து 1165. ஆகவே இந்த அளவு பொருந்தியது. இரண்டு வெப்பநிலைகளுடன் வாட் குறிக்காத விலைப்புள்ளியை ஏற்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். உப்பு அரிக்காமல் காக்கும் எபாக்சி பூசிய சுருளுக்கு 4,000 ரூபாய் கூடுதலாகக் கேட்டார்கள். கடலோரத்தில் அதை மிச்சம் பிடிப்பது அறிவீனம். வரி சேர்த்து மொத்தம் 68,000 ரூபாய் ஆயிற்று.

பொருத்த வந்த இளைஞர் கைசுத்தமான வேலைக்காரர். அளவுத் தகட்டை ஒட்டிப் பேனலின் பக்கத் தகட்டை நேர்த்தியாக வெட்டி, ரப்பர்ப் பட்டை வைத்து, அரை நாளில் முடித்துவிட்டார். போகும்போது தெர்மோஸ்டாட்டை 22 டிகிரியில் வைத்து, "உள்ளே ஜில்லுனு இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலை பேனல் கதவின் வெளிப்பக்கம் பனிக்கூழ்ப் பெட்டியைப் போல வியர்த்திருந்தது. ஒரு ரீடிங் பார்ப்பதற்காகக் கதவைத் திறந்தேன், கண்ணெதிரே வி.எஃப்.டி.யின் மூடியிலும் செம்புப் பட்டையின் உறையிலும் நீர்த்துளி கோத்தது. உடனே மெயினை அணைத்தேன். அன்று காலை கடை ஒரு மணி நேரம் தாமதமாகத் திறந்தது.

இதில் கருவியின் பிழை ஏதும் இல்லை. 34 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நம்மூர்க் காற்று ஏறத்தாழ 28 டிகிரியைத் தொட்டாலே நீரைக் கக்கத் தொடங்கிவிடும். அதைவிடக் குளிர்ந்த இரும்பின் மேல் அது பட்டால் வியர்க்காமல் என்ன செய்யும்? பேனல் ஏசியை 35 டிகிரியில் வைப்பதே முறை. உள்ளிருக்கும் பொருள்கள் 40 டிகிரிக்கு அளவு குறிக்கப்பட்டவை. அவற்றுக்கு 35 சுகமான வெப்பம்தான். அதைக் கடை முதலாளிக்குப் புரியவைப்பதுதான் கடினமாக இருந்தது. "ஏன் தம்பி, எழுபதாயிரம் போட்டு ஏசி வாங்கி முப்பத்தஞ்சுல வைக்கிறதுக்கா?" என்று கேட்டார். "அண்ணாச்சி, இது உட்கார வர்ற வாடிக்கையாளருக்கு இல்ல, பெட்டிக்கு" என்றேன். சிரித்துக்கொண்டார், ஏற்றுக்கொண்டாரா என்பது இன்றும் எனக்கு உறுதியில்லை. நிறுவனம் இந்த எண்ணைக் கருவியின் முகப்பிலேயே தமிழில் எழுதி ஒட்டியிருக்கலாம். கதவைத் திறந்ததும் ஏசியை நிறுத்தும் லிமிட் ஸ்விட்ச் ஒன்று பெட்டிக்குள் நெகிழிப் பையோடு கிடந்தது. அதை யாரும் இணைக்கவே இல்லை. நான் வாங்கிய இடத்தின் மேல் எனக்குள்ள முதல் மனக்குறை இதுவே. பின்னர் நானே இணைத்தேன்.

நீர் வடியும் குழாயின் முனையில் ஒரு காலி மினரல் வாட்டர் பாட்டிலை வைத்திருந்தேன். தெர்மோஸ்டாட்டை 35க்கு ஏற்றிய பிறகும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் நிரம்பியது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்றில் அவ்வளவு ஈரம் இருக்க வாய்ப்பில்லை. எங்கோ வெளிக்காற்று புகுந்துகொண்டிருந்தது. தேடியதில், பேனலின் அடித்தகட்டில் கேபிள்கள் ஏறும் இடம் கையை விடும் அளவுக்குத் திறந்து கிடந்தது. கீழே கேபிள்கள் செல்லும் பள்ளமான டிரெஞ்ச். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நீர் நின்ற டிரெஞ்ச் அது. அதன்பின் பேனலை ஒன்றரை அடி மேடையில் ஏற்றிவிட்டோமே தவிர, டிரெஞ்ச் எப்போதும் ஈரம் கசிந்துகொண்டேதான் இருக்கிறது. அடித்தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு கேபிளுக்கும் அதைச் சுற்றி இறுக்கி அடைக்கும் கிளாண்ட் போட்டு, மிஞ்சிய துளைகளை அடைத்து, பழைய விசிறித் துளைகளுக்குத் தகடு வைத்து மூட இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதன்பின் பாட்டிலில் விழுவது நாளுக்கு இரண்டு மூன்று தேக்கரண்டிதான். பேனல் எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதை அறிய இந்தப் பாட்டிலைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை; இன்றும் காலையில் மின் அறைக்குள் நுழைந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

அடுத்த சிக்கல் அறையில் எழுந்தது. பேனலிலிருந்து எடுக்கும் வெப்பம் எங்கும் மறைந்துவிடுவதில்லை. ஏசி உண்ணும் 760 வாட்டையும் சேர்த்துக்கொண்டு, கிட்டத்தட்ட 1900 வாட்டாக அறைக்குள் வந்து விழுகிறது. எங்கள் மின் அறை மாடிப்படிக்கு அடியில் எட்டுக்குப் பத்தடி அளவில் அடங்கிய பொந்து. முதல் மாதத்தில் அறை 46 டிகிரியைத் தொட்டது. பேனலைக் காப்பாற்றிவிட்டு, அதே அறையிலிருக்கும் மீட்டர்களையும் மெயின் ஸ்விட்ச்சையும் வாட்டிக்கொண்டிருந்தோம். கதவின் அடிப்பகுதியில் காற்று நுழைய லூவர் வைத்து, மேலே 12 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்திய பின்பே அறை 40க்கு இறங்கியது. இதை விற்பனையாளர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அறையை வந்து பார்க்காமலே விலைப்புள்ளி கொடுத்தார்கள் என்பது எனது இரண்டாவது மனக்குறை.

எல்லாம் சீராகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்த வேளையில் தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை மாலை, கடையில் கால் வைக்க இடமில்லாத நேரத்தில், பேனல் ஏசி, குளிர்விக்கும் வாயுவின் அழுத்தம் அளவு மீறியதைச் சொல்லும் ஹை பிரஷர் அலாரம் அடித்து நின்றது. அரை மணிக்குள் பேனல் சூடேறி, முதல் மாடியின் வி.எஃப்.டி. தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. குளிர்காற்று நின்ற துணிக்கடையில், பட்டுப்புடவைப் பிரிவில் நூறு பேர் இருக்கும் நேரத்தில், மின்பராமரிப்பாளர் எதையெல்லாம் கேட்க வேண்டியிருக்கும் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. வெளிப்புறச் சுருளின் முன்னிருந்த பஞ்சுபோன்ற வடிகட்டி முழுமையாக அடைபட்டிருந்தது. மாதம் ஒருமுறை கழுவினால் போதும் என்று கையேடு சொல்கிறது. நானும் அப்படித்தான் செய்து வந்தேன். பண்டிகைக் காலத் துணிக்கடைக்கு மாதம் என்ற கணக்கே இல்லை என்பதை அன்று கற்றேன். நூற்பாலைகளில் இத்தகைய கருவிகளுக்குப் பஞ்சு வடிகட்டிக்குப் பதிலாக நெருக்கமான கம்பி வலையைப் போடுவார்கள். இழை உள்ளே புகுந்து சிக்காமல் வலையின் மேலேயே படிந்து நிற்கும். ஒரு பிரஷ்ஷால் தள்ளினால் கம்பளம்போல் உரிந்து வந்துவிடும். அதைச் செய்து போட்ட பிறகு வாரம் ஒருமுறை இரண்டு நிமிட வேலைதான். ஆடியிலும் தீபாவளியிலும் மட்டும் நாள்தோறும்.

மற்றக் குறைகள் சிறியவை. சுருள் இன்றும் புதிதாக இருக்கிறது, ஆனால் மேல்மூடியைப் பிடித்திருக்கும் திருகுகள் ஆறே மாதத்தில் துருப்பிடித்தன. எபாக்சிக்குக் காசு வாங்கியவர்கள் பத்துத் திருகுகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் தந்திருக்கலாம். பாரிமுனையில் வாங்கி மாற்றிக்கொண்டேன். சர்வீஸுக்கு அழைத்தால் அம்பத்தூரிலிருந்து வர மூன்று நாள் ஆகிறது. வந்தவர்கள் வேலை தெரிந்தவர்கள்தான். தீபாவளி வாரத்தில் மூன்று நாள் என்பது வேறு கணக்கு. சத்தம் உண்டு, மின் அறைக்குள் யாரும் உட்காராததால் அதைக் குறையாக எழுதவில்லை.

கருவியின் அடிப்படை வேலையில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இந்த மே மாதத்தில் அறை 40 டிகிரியாக இருக்கும்போது பேனலுக்குள் 35 முதல் 36 டிகிரிக்குள்தான் நிற்கிறது. 14 மாதத்தில் ஒரு கெபாசிட்டர்கூட வீங்கவில்லை. 80 ஆம்பியர் பிரேக்கரை எடுத்துவிட்டு மீண்டும் 63ஐப் போட்டேன், ஒருமுறைகூட விழவில்லை. சுத்தம் செய்து துடைத்துவிட்ட செம்புப் பட்டைகளில் பச்சை திரும்பவில்லை. கடை திறந்திருக்கும் 12 மணி நேரத்தில் கம்ப்ரசர் ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஓடுகிறது. மாதத்துக்கு 165 யூனிட் அளவில் செலவாகிறது. முன்பு நேர்ந்த மூன்று வி.எஃப்.டி. பழுதுகளின் செலவோடும் நின்றுபோன வியாபாரத்தோடும் ஒப்பிட்டால் அண்ணாச்சிக்கே இது பெரிதாகத் தெரியவில்லை.

அதே அறையில் நிற்கும், பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏ.பி.எஃப்.சி. பேனலுக்கும் ஒன்று போட்டுவிடலாமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றேன். அதிலுள்ள ரியாக்டர்கள் எனும் கம்பிச்சுருள்கள் 100 டிகிரியிலும் கலங்காமல் ஓடும்படி செய்யப்பட்டவை. அந்தச் சூட்டைக் கம்ப்ரசர் ஓட்டிக் குளிர்விப்பது அடுப்புக்கு விசிறி வீசுவதற்குச் சமம். கெபாசிட்டர்களை ரியாக்டருக்கு மேலே வைக்காமல் கீழே இறக்கி, நடுவில் ஒரு தடுப்புத் தகடு வைத்ததோடு அந்த வேலை முடிந்தது. கேமரா ரெக்கார்டர் இருக்கும் மூன்றாம் மாடிப் பெட்டிக்கும் தேவையில்லை. அது ஏற்கெனவே குளிரூட்டிய தளத்தில் இருக்கிறது, கதவில் சல்லடைத் தகடு போதும்.

மொட்டை மாடியில் வெயிலை நேரே வாங்கும் லிஃப்ட் அறையின் பேனலுக்குத்தான் இன்னொன்று வேண்டும். சென்ற வாரம் அதே நிறுவனத்திடம் கேட்டிருந்தேன். "அரை டன்" என்று எழுதிய விலைப்புள்ளி வந்தது. அறையை ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, 35 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் வாட்டைக் குறித்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகோடும் கம்பி வலையோடும் மீண்டும் எழுதி அனுப்புமாறு திருப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.